எந்த சர்வே நம்பர், சார்?

எங்கள் ஊர் தாம்பரத்துக்குத் தெற்கே, ரயில் பாதைக்கு இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கிறது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு மனை விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. வீடுகள் பெருகின, ஆனால் ஊருக்கு நடு என்று ஓர் இடம் இல்லை. காய்கறி ரயில்வே கேட் ஓரத்தில், தபால் நிலையம் ஒரு மூலையில், நூலகம் வாடகை மாடியில். அதனால் புதிய நகர மையத்துக்கு, எந்த நிலத்தில் என்ன வரும் என்று வரையறுக்கும் விரிவான வளர்ச்சித் திட்டம் வருகிறது என்று நாளிதழில் அறிவிப்பைப் பார்த்ததும் மனசு நிறைந்துபோனது. ஆட்சேபணை, ஆலோசனை தர இரண்டு மாதம் அவகாசம்.

வரைபடத்தைப் பார்க்க நான்கு பேர் போனோம். நடுவில் பெரிய நீலப் பகுதி. "ஏரியை அப்படியே விட்டுட்டாங்க" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. குறிப்பைப் படித்தால், நீலம் வணிகப் பகுதிக்கான நிறம்! எங்கள் ஏரியின் கலங்கலில் (உபரிநீர் வழியும் இடம்) இருந்து அடுத்த ஏரிக்குப் போகும் ஓடை அந்த நீலத்துக்குள் காணாமல் போயிருந்தது. 2015 டிசம்பரில் அந்த ஓடைக்கரைத் தெருவில் இடுப்பளவுத் தண்ணீரில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் நாங்கள்.

அன்றிரவே மனு எழுதி நாற்பது கையெழுத்து வாங்கினோம். நீர்நிலைகளைக் காக்க வேண்டும், ஏழைகள் வாழ வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "எந்த சர்வே நம்பர், சார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த மூன்று வாரம் அதற்கே போனது. நிலத்தின் எல்லையைக் காட்டும் புல வரைபடமும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும் வருவாய்த்துறை இணையதளத்திலேயே கிடைக்கின்றன. ஓடைக்குத் தனிப் புல எண், அதாவது சர்வே நம்பர், இருந்தது, வகைப்பாடு புறம்போக்கு. அதைத் திட்ட வரைபடத்தின் மேல் பென்சிலால் வரைந்தோம். திட்டத்தில் காட்டியிருந்த பேருந்து நிற்குமிடத்தின் குறுக்கே நேராகப் போனது. ஓடைக்கரையில் நிற்கும் அரசமரம், சிறுபாலம், வெள்ளக்கறை படிந்த சுவர் மூன்றையும் படம் எடுத்தோம். புதிய மனுவில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பத்தி: புல எண், இப்போது என்ன இருக்கிறது, என்ன மாற்ற வேண்டும். உணர்ச்சி வரிகளையெல்லாம் அடித்தேன், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கேட் ஓரம் கீரை விற்கும் அக்காக்களையும், மனுக்கள் மீதான கருத்துக் கேட்புக்கு அழைத்துப் போனோம். "ஸ்டேஷன்ல இறங்குறவங்க கண்ணுல பட்டாத்தான் வியாபாரம். மாடில கடை கொடுத்தா யாருப்பா ஏறி வருவா?" என்று ஒரு அக்கா கேட்டார். அன்று பேசியதிலேயே சரியான பேச்சு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

திருத்திய வரைபடத்தில் ஓடை இருக்கிறது, இருபுறமும் பசுமைப் பட்டையோடு. பேருந்து நிற்குமிடம் தள்ளிப் போயிருக்கிறது. அக்காக்களுக்காக நாங்கள் கேட்ட, கூரை போட்ட தரைத்தளச் சந்தை மட்டும் இன்னும் வரவில்லை, அதற்காகக் கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

பூங்காவுக்கு ஒதுக்கிய தனியார் நிலம்தான் இப்போதைய கவலை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி, அறிவிப்பு அரசிதழில் வந்து மூன்று ஆண்டுக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை இல்லையென்றால் ஒதுக்கீடு போய்விடும். அரசிதழ்த் தேதியை வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மனு பாதி எழுதியாகிவிட்டது, புல எண்ணோடு.