610 சதுர அடி

15.9.2024, ஞாயிறு

பால் காய்ச்சியாயிற்று. புரட்டாசி பிறந்துவிட்டால் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும் என்று அம்மாவுக்கு அவசரம். ஓசூரிலிருந்து தம்பி வந்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும் கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தான்.

"யு.டி.எஸ். எவ்வளவு அக்கா?" அடுக்ககம் நிற்கிற நிலத்தில் எங்கள் பங்கைக் கேட்கிறான்.

310 என்றேன். "ம்" என்றான். அவன் பஸ் ஏறிப் போய்விட்டான். அந்த "ம்" போகவில்லை.

18.9.2024

310 சதுர அடி நிலம் எனக்குச் சொந்தம். எங்கே என்று கேட்டால் காட்ட முடியாது. பத்திரத்தில் "பிரிபடாத பாகம்" என்று போட்டிருக்கிறது. மற்ற ஏழு வீட்டுக்காரர்களின் பாகங்களோடு கலந்து கிடக்கிறது. படிக்கட்டுக்கு அடியிலோ, செப்டிக் டேங்குக்கு மேலேயோ, எங்கேயோ.

வீடு 32 லட்சம். முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக ஒன்பது சதவீதம்: 2,88,000. அந்தப் பணம் சுவராகவும் ஆகவில்லை, தரையாகவும் ஆகவில்லை. அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அதில்தான் போனது.

மதுராந்தகம் பக்கம் மனை வாங்கிப் போட்டிருக்கலாம் என்கிறான் தம்பி. மனையில் அம்மாவை எங்கே படுக்க வைப்பது என்று கேட்டிருக்க வேண்டும். இப்போதுதான் தோன்றுகிறது.

23.9.2024

விற்பனை விளம்பரங்களை இனிப் பார்ப்பதில்லை என்று இருந்தேன். பார்த்தேன். இரண்டு தெரு தள்ளி, இதே அளவு, 29 லட்சம், கார் நிறுத்த இடத்தோடு. எங்களிடம் கார் இல்லை. ஆனாலும்.

5.10.2024, சனி

முதல் தவணை: 21,696. வங்கி கொடுத்த அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதில் வட்டி 17,708. அசலில் கழிவது 3,988.

சதுர அடி 5,246 ரூபாய் என்று வாங்கியிருக்கிறோம். ஆக, இந்த மாதம் வங்கியிடமிருந்து மீட்டது முக்கால் சதுர அடி. குளியலறையில் வாளி வைக்கிற இடம். போய்ப் பார்த்தேன். சரியாக அவ்வளவுதான் இருக்கிறது.

25 லட்சம் கடனுக்கு இருபது ஆண்டில் 52 லட்சம் கட்டியிருப்பேன். எனக்கு 38. கடன் முடிவதும் நான் ஓய்வு பெறுவதும் ஒரே ஆண்டில். வங்கிக்காரர் கணக்குப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். என் ஆயுள்மீது என்னைவிட அவருக்கு நம்பிக்கை அதிகம்.

15.10.2024, செவ்வாய்

நாளைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரியில் மேம்பாலத்தின் மேலேயே கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டார்கள்.

தாம்பரம் பக்கம், முடிச்சூரில் வீடு என்றதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: 2015 வெள்ளம். "அது ஒரு தடவைதான் மேடம், ஆற்றை அகலப்படுத்திவிட்டார்கள்" என்றார் தரகர். இன்று கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்துக் கதவு நிலையில் வைத்தார். கீழிருந்து மேலாகத் தடவினால் என் தோள் உயரத்தில் மரம் மாறுகிறது. கீழே சொரசொரப்பு, மேலே வழுவழுப்பு. அதற்குப் பிறகு எத்தனையோ முறை பெயின்ட் அடித்தாயிற்று. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

"2023இல்?"

"இரண்டாவது படி வரைக்கும் வந்தது. உங்களுக்கு என்ன, முதல் மாடி. கீழே இறங்க முடியாது, அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.

16.10.2024

மழை ஏமாற்றிவிட்டது. வாங்கிக் குவித்த ரொட்டியை யார் தின்பது?

27.10.2024

படுக்கையறையில், ஜன்னலுக்கு மேல், உள்ளங்கை அளவு ஈரம். வீடு பார்க்க வந்தபோது அந்தச் சுவர் புதிதாக வெள்ளையடித்திருந்தது. பென்சிலால் சுற்றி வரைந்து தேதி போட்டேன். அம்மா சிரித்தாள்.

31.10.2024

தீபாவளி. அம்மா ஏழு வீட்டுக்கும் அதிரசம் கொடுத்துவிட்டு வந்து, யார் வீட்டில் எந்தப் பக்கம் சமையலறை என்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள்.

3.11.2024

ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டிவிட்டது.

17.11.2024

மாம்பலம் போனேன். நாங்கள் 13,500 கொடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு இப்போது வாடகை 18,000. பகலெல்லாம் நல்ல சந்தோஷம். மின்சாரத்துக்கு யூனிட் கணக்கில் அதிகம் வாங்கிய வீட்டுக்காரர், இரவு பத்துக்கு மேல் பூட்டும் கேட், எல்லாம் நினைவுக்கு வந்தன. சாயங்காலம் தாம்பரத்தில் இறங்கி, பஸ்ஸுக்கு நின்று, காலில் சேற்றோடு வீடு சேர்ந்தபோது அங்கிருந்து அலுவலகம் கால் மணி நேரம்தான் என்பதும் நினைவுக்கு வந்தது.

30.11.2024, சனி

ஃபெஞ்சல் புயல். விடிந்ததிலிருந்து நிற்கவில்லை. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். மின்சாரம் இல்லை.

மணிக்கு ஒரு முறை கீழே போய்ப் படியைப் பார்க்கிறேன். தெருவில் கணுக்கால் அளவு. கீழ்வீட்டு அக்கா அரிசியையும் பத்திரங்களையும் எங்கள் பரண்மேல் வைத்துவிட்டுப் போனார். நம் வீட்டுப் பத்திரம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது என்று எனக்குள் ஓர் அற்ப நிம்மதி.

தம்பி அழைத்தான், அம்மாவை ஓசூருக்கு அனுப்பு என்று சொல்ல. அம்மா போனை வாங்கி, "இங்கே மழையே இல்லையடா, தொலைக்காட்சிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்" என்றாள். ஜன்னல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

1.12.2024

முதல் படி நனையவில்லை. சுவரில் ஈரம் தலையணை அளவு.

6.12.2024

ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளிடம் வாங்கும் வட்டி, 6.5 சதவீதத்திலேயே நிற்கிறது. அது இறங்கினால்தான் என் கடன் வட்டியும் இறங்கும். மதியச் சாப்பாட்டு வேளையில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் உரையைக் கேட்கிற ஆளாகிவிட்டேன்.

1.2.2025

பட்ஜெட். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. அந்த முறையில் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவும் இல்லை. "கடன் வாங்குங்கள், வரி மிச்சம்" என்று ஓராண்டாக என்னை விரட்டிய கணக்குப் பிரிவு மனிதரைத் திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.

7.2.2025, வெள்ளி

ரெப்போவைக் குறைத்துவிட்டார்கள்! கால் சதவீதம். கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகளில் முதல் தடவை. தவணை அப்படியே இருக்குமாம், காலம் பத்து மாதம் போலக் குறையுமாம். தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். "நல்லது. மனைக்கு மாடிப்படியும் கிடையாது, ஈரமும் கிடையாது" என்று பதில்.

அவன் இன்னமும் மனை வாங்கவில்லை.

9.2.2025

மேஸ்திரி வந்தார். பென்சில் கோடுகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. வெளியே ஏணி போட்டு சன்ஷேடைத் தட்டினார். ஓரமாக ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. வெடிப்பு அங்கேதானாம். வெளிச்சுவர் குடியிருப்போர் சங்கத்தின் செலவா, என் செலவா என்று செயலாளரைக் கேட்டால் கூட்டம் போட்டுச் சொல்கிறேன் என்கிறார். செவ்வாய்க்கிழமை ஆரம்பிக்கலாம் என்கிறார் மேஸ்திரி. செவ்வாய் வேண்டாம் என்கிறாள் அம்மா. புதன் அவருக்குப் பெருங்களத்தூரில் வேலை.