படிக்கணக்கு

20.10.2016, வியாழன்
வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள். கிணற்றில் பத்தொன்பது படிகள் வெளியே தெரிகின்றன.

27.10.2016, வியாழன்
கியான்ட் புயல் கடலிலேயே வலுவிழந்துவிட்டது. காற்றின் ஈரத்தையெல்லாம் அது தன் பக்கம் இழுத்துக்கொண்டதால்தான் பருவமழை தள்ளிப்போகிறது என்று வானொலியில் விளக்கினார்கள். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. படிகள் இருபது.

30.10.2016, ஞாயிறு
தீபாவளிக்கு மறுநாள். பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை மையம் அறிவித்தது. துணி உலர்த்தும் கொடியை உள்ளே எடுத்துக் கட்டலாமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

3.11.2016, வியாழன்
டீக்கடையில் மீண்டும் பாலாற்றுப் பேச்சு. புல்லூர்த் தடுப்பணையை 5 அடியிலிருந்து 12 அடிக்கு ஆந்திரம் உயர்த்தியதும், 1892ஆம் ஆண்டு மதராஸ்–மைசூர் ஆற்றுநீர் ஒப்பந்தம் காற்றில் பறந்ததும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆற்றின் 348 கிலோமீட்டரில் 222 நம்முடையது, நமக்கு மணல்கூட மிச்சமில்லை என்று ஒருவர் சொன்னார். மணலை ஆந்திரமா அள்ளியது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

எங்கள் ஏரிக்குப் பாலாற்று நீர் ஒருநாளும் வந்ததில்லை. ஜவ்வாது மலைச் சரிவில் விழும் மழைதான் வரத்துக் கால்வாய் வழியே வந்து அதை நிரப்ப வேண்டும். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்குக் குறையாமல் சராசரி உள்ள மாவட்டத்தை வறண்ட பூமி என்று சொல்வது எனக்கு எப்போதும் உறுத்தும். அந்த மழை ஆடியிலும் ஐப்பசியிலும் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போகிறது. அடியில் இருப்பது கருங்கல், அது நீரைச் சேர்த்து வைக்காது. ஆகவே ஓடுகிற நீரை நிறுத்தி வைக்க ஏரியைத் தவிர வேறு வழியில்லை என்று நம் முன்னோர் கண்டுகொண்டார்கள். சென்ற நவம்பரில் பெய்த பெருமழையில் கால்வாய் கொள்ளாமல் நீர் சாலையில் ஏறி, கீழத்தெரு வீடுகளுக்குள் புகுந்தது. ஏரியோ பாதிதான் நிரம்பியது, சித்திரைக்குள் வற்றியும் போனது. கால்வாய் ஏன் கொள்ளவில்லை என்பதை யாரும் பேசுவதில்லை, நானும்தான்.

எங்கள் கழனி ஓரத்துத் தென்னைகள் பன்னிரண்டு.

7.11.2016, திங்கள்
பங்காளி வீட்டு அண்ணன் கழனியில் போர்வெல் போட்டார்கள். திருச்செங்கோட்டு வண்டி. இரவு முழுவதும் ஓடியது, உறக்கம் இல்லை. விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது 850 அடி தாண்டியிருந்தது, குழியிலிருந்து வெண்சாம்பல் புகைதான் வந்துகொண்டிருந்தது. தும்பைச் செடி, மாட்டின் முதுகு, அண்ணனின் புருவம் எல்லாவற்றின்மேலும் அரைத்த கல்மாவு படிந்திருந்தது. வண்டிக்காரர் ஒரு பிடி மாவை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "ஈரமே இல்லீங்க" என்றார். அண்ணன் இன்னும் நூறு அடி போகச் சொன்னார்.

உழவுக்கு மின்சாரம் இலவசமானதிலிருந்து ஒவ்வொருவரும் அடுத்தவரைவிடப் பத்தடி ஆழமாக மோட்டாரை இறக்குகிறோம். என் கிணற்றுப் படிகள் தெரியத் தொடங்கியதும் அப்போதுதான். வண்டிக்கு நானும் முன்பணம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். நாளை மறுநாள் வருவார்கள்.

9.11.2016, புதன்
இரவில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாதவை ஆகிவிட்டன. பீரோவில் இருந்தவை எல்லாம் ஐந்நூறுகள். வண்டிக்காரர் வாங்க மறுத்துவிட்டார். எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும்.

15.11.2016, செவ்வாய்
பொய்கைச் சந்தைக்குச் சிவப்புக் கறவையை ஓட்டிச் சென்றேன். வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ஆடிப்பட்டத்து மல்லாட்டையும் (நிலக்கடலை) பிஞ்சிலேயே காய்ந்ததால் அதன் கொடியும் இல்லை. எங்களைப் போலவே எல்லாரும் விற்கத்தான் வந்திருந்தார்கள். வாங்க வந்த சிலரும் பழைய தாளை நீட்டினார்கள். மாலையில் திரும்ப ஓட்டி வந்தேன். வழியில் அது காய்ந்த ஏரிக்குள் தானாகவே இறங்கி, வழக்கமாக நீர் குடிக்கும் மதகருகே போய் நின்றது. சற்று நேரம் நிற்க விட்டேன்.

22.11.2016
படிகள் இருபத்து மூன்று.

2.12.2016, வெள்ளி
நாடா புயல் காரைக்கால் பக்கம் கரை கடந்தது. இங்கே வாசல் தெளிக்கும் அளவுக்குத் தூறல்.

6.12.2016, செவ்வாய்
முதல்வர் ஜெயலலிதா நேற்று இரவு மறைந்தார். கடைகள் இல்லை, பால்வண்டி இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது.

13.12.2016, செவ்வாய்
நேற்று சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா இரவில் எங்கள் பக்கம் வந்தது. முருங்கை முறிந்தது, மின்சாரம் போயிற்று. நல்ல மழை. பத்து மணிக்குமேல் டார்ச் எடுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போனேன்; இவள் திட்டியது தெருமுனைவரை கேட்டது.

நீர் வந்துகொண்டிருந்தது. செம்மண் நிறம், மேலே சருகும் நுரையும். மேல்பகுதியில் வண்டி போகும் அகலத்தில் வந்த நீர், எங்கள் வரப்பை அடைந்ததும் ஒடுங்கி, கடைசி நான்கு தென்னைகளின் தூரில் மோதிச் சுழன்றது. ஒரு பாதி மரங்களுக்கு இடையே நுழைந்து ஏரிப்பக்கம் போனது. மறுபாதி கரையேறிச் சாலைக்குப் போனது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நான்கையும் அப்பா நட்டபோது எனக்குப் பத்து வயது. குழிக்கு உப்பும் சாம்பலும் போட்டது நான். அது கால்வாய்ப் புறம்போக்கு என்பது அப்பாவுக்குத் தெரியும். நில அளவைப் புலப்படம் அவருடைய பெட்டியிலேயே இருந்தது.

காலையில் ஏரியில் கணுக்கால் அளவு சேறு. கிணறு அரைப்படி ஏறியிருக்கிறது.

16.12.2016
இவளிடம் சொன்னேன். "காய்க்கிற மரத்தை வெட்டுவாங்களா? உங்களுக்கு என்னா ஆச்சு?" என்றாள். அதற்குமேல் பேச்சில்லை.

4.1.2017, புதன்
தமிழ்நாட்டில் பருவ காலத்தின் இயல்பு மழை 440 மில்லிமீட்டர், பெய்தது 168. படிகள் இருபத்தைந்து. இதற்குக் கீழே படி கிடையாது, பாறைதான்.

11.1.2017, புதன்
எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். நிலவரி தள்ளுபடி, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். கிராம நிர்வாக அலுவலரிடம் நீண்ட வரிசை. என் முறை வந்தபோது அடங்கல் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "கால்வாய் ஓரமா இருக்கிறதும் உங்களோடதுதானே, சேர்த்து எழுதிடட்டுமா?" என்றார். பின்னால் அண்ணன் நின்றிருந்தார். பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், நாளை கொண்டுவருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். பட்டா சட்டைப்பையில்தான் இருந்தது.

12.1.2017
போகவில்லை. புலப்படத்தை எடுத்துக்கொண்டு கால்வாயை நானே கயிறு பிடித்து அளந்தேன்.