கட்ச்: தண்ணீர் வந்த வழி, போன வழி

தூத்துக்குடிக்காரன் உப்பைப் பார்க்க குஜராத் வரைக்கும் ரயிலேறிப் போகிறான் என்றால் வீட்டில் சிரிக்கத்தான் செய்வார்கள். "முள்ளக்காட்டுக்கு டவுன் பஸ் இருக்குடே, போயிட்டு சாயங்காலமே வீடு வந்து சேரலாம்" என்றார் மாமா. நியாயமான பேச்சுதான். நாட்டின் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் குஜராத்தில் விளைகிறது, அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி எங்கள் ஊர் அளங்களில் வாருவது. உப்பு எங்களுக்கு அதிசயமில்லை.

ஆனால் கட்ச்சின் ரண் என்ற உப்புவெளியில் கிடக்கும் உப்பை யாரும் பாத்தி கட்டி விளைவிக்கவில்லை. அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். போன இடத்தில் உப்பைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் கேட்டேன்: எங்கே வந்தது, எங்கே தேங்கியது, எந்த வருஷம் கைவிட்டுப் போனது. கட்ச்சில் எந்த ஊருக்குப் போனாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி. திருநெல்வேலியிலிருந்து காந்திதாமுக்கு வாரம் ஒரு ஹம்சஃபர் ரயில் இருக்கிறது. கேரளம், கொங்கண் குகைகள், சூரத், அகமதாபாத் என்று பாதி மேற்குக் கரையைக் காட்டிவிட்டுக் கொண்டுபோய் இறக்கும். காந்திதாமிலிருந்து புஜ் நகரம் சுமார் 60 கிலோமீட்டர். சென்னைக்காரர்கள் அகமதாபாத் போய் மாறிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்ச் ஒரு மாவட்டம்தான், ஆனால் மொத்தக் கேரளத்தையும்விடப் பெரியது. "பக்கத்துலதான்" என்று டிரைவர் சொன்னால் நூறு கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

புஜ்ஜின் நடுவில் ஹமீர்சர் என்ற ஏரி. நான் போனபோது பாதிதான் தண்ணீர். ஆனால் மழைக்காலத்தில் அது நிறைந்து மறுகால் பாய்ந்தால் ஊருக்கே விடுமுறை விடுகிறார்கள். ராஜா காலத்துப் பழக்கமாம், இன்னும் விடவில்லை. நகராட்சித் தலைவர் வந்து ஏரிக்குப் பூஜை போடுவார், ஊருக்கு லட்டு கொடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் கோரம்பள்ளம் குளம் மறுகால் பாய்ந்தால் ரோடு மூழ்கிவிடுமோ என்ற பயம்தான் முதலில் வரும். மழையே பல வருஷம் பொய்த்துப்போகும் ஊரில் கணக்கு வேறு.

ஏரிக்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஆய்னா மஹால். 18-ஆம் நூற்றாண்டில் கட்ச் மன்னர் ராவ் லக்பத்ஜிக்காக ராம்சிங் மாலம் என்பவர் கட்டியது. அவர் கடலோடியாக இருந்து, கப்பல் உடைந்து, டச்சுக் கப்பல் ஒன்றால் காப்பாற்றப்பட்டு ஹாலந்து போய்ச் சேர்ந்து, கண்ணாடி வேலையும் ஓட்டு வேலையும் கற்றுக்கொண்டு திரும்பியவர் என்று சொல்கிறார்கள். சுவரெல்லாம் கண்ணாடி, தரையில் நீலப் பூப்போட்ட டச்சு பாணி ஓடுகள், மன்னர் உட்காரும் மேடையைச் சுற்றி நீரூற்று. தண்ணீர் இல்லாத ஊரின் ராஜாவுக்கு ஆசை எப்படி இருக்கும் என்று அங்கே பார்க்கலாம்.

2001 ஜனவரி 26 காலை 8.46-க்கு வந்த நிலநடுக்கம் அந்த அரண்மனையையும் விட்டுவைக்கவில்லை. புஜ்ஜை ஒட்டிய குன்றின்மேல் இப்போது ஸ்மிருதிவன் என்ற நினைவிடம் இருக்கிறது. குன்றுச் சரிவெங்கும் சின்னச் சின்னத் தடுப்பணைகள், அவற்றின் சுவர்களில் இறந்தவர்களின் பெயர்ப்பலகைகள், 12,000-க்கும் மேல். குஜராத்தி எழுத்து எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதைக் கண்டுபிடிக்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. கீழே இருக்கும் அருங்காட்சியகத்தில் நிலம் ஆடுவதை உணர வைக்கும் அறை ஒன்று உண்டு. எல்லோரும் அதைத்தான் பாராட்டுகிறார்கள். எனக்குத் தடுப்பணைகளே போதும்.

சரி, ரண். புஜ்ஜிலிருந்து வடக்கே, ரண்ணின் ஓரத்து ஊரான தோர்டோ சுமார் 80 கிலோமீட்டர். வழியில் கடகரேகை கடக்கும் இடத்தில் ஒரு பலகை, அதன் முன்னால் போட்டோ எடுக்கும் கூட்டம். பிரண்டியாராவில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அடையாள அட்டை நகல் அவசியம். அதே ஊரில், பன்னி என்ற புல்வெளிப் பகுதியின் எருமைப்பாலில் கிண்டும் மாவா (நம்ம பால்கோவா மாதிரி) விற்கிறார்கள். சுடச்சுட வாங்கிச் சாப்பிடுங்கள், ஆறினால் பாதி ருசி போய்விடும். அந்த எருமைகளை ராத்திரியில்தான் மேயவிடுவார்கள், பகல் வெயில் அப்படி.

பன்னி ஒரு காலத்தில் ஆசியாவின் பெரிய புல்வெளிகளில் ஒன்று. இப்போது சாலையின் இருபுறமும் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செடி: நம்ம சீமைக் கருவேலம். ரண் பரவுவதைத் தடுக்கவென்று 1960-களில் அரசே விதைத்ததாம். இங்கே அதற்கு 'காண்டோ பாவல்' என்று பெயர், பைத்தியக்காரக் கருவேலம். ராமநாதபுரத்துக்காரர் யாராவது கேட்டால் கட்டிப்பிடித்துக்கொள்வார்.

பெரிய ரண் மழைக்காலத்தில் கடலும் ஆறும் சேர்ந்து மூடும் சேற்றுச் சமவெளி. கோரி கழிமுகம் வழியாகக் கடல் உள்ளே தள்ளும், ராஜஸ்தான் பக்கத்திலிருந்து லூனி போன்ற ஆறுகள் வந்து கொட்டும். குளிர்காலத்துக்குள் தண்ணீர் வற்றி, வெள்ளை மட்டும் மிஞ்சும். கிட்டத்தில் பார்த்தால் மேலே கைவிரல் தடிமனுக்கு ஒரு உப்பு ஓடு, ஓரங்கள் லேசாகத் தூக்கி நிற்கும். குதிகாலை அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கி, அடியிலிருந்து கறுப்புச் சேறு எட்டிப் பார்க்கும். நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு தூக்கலாக இருந்தது, அளத்து உப்பு மாதிரி இல்லை. "உங்க ஊர் உப்பு நல்லா இருக்குமா?" என்று டிரைவர் பாய் கேட்டார். ஊர்ப்பாசம், விடுவேனா!

அந்தி நேரத்தில் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒட்டக வண்டி, பாராமோட்டார் சத்தம், ஒலிபெருக்கிப் பாட்டு எல்லாம் சேர்ந்து அந்த இடத்தின் அமைதியைத் தின்றுவிடுகின்றன. பௌர்ணமி அன்று போகச் சொல்வார்கள். எல்லோரையும் அன்றைக்குத்தான் போகச் சொல்கிறார்கள். கூட்டம் வேண்டாமென்றால் காலா டுங்கர் குன்றுக்கு ஏறி, 462 மீட்டர் உயரத்திலிருந்து மொத்த ரண்ணையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அக்கா அஜ்ரக் சேலை, அதாவது இயற்கைச் சாயத்தில் கட்டை அச்சுப் போட்ட சேலை, கேட்டிருந்தாள். அதற்காகப் போன அஜ்ரக்பூரில்தான் ஒரு முழுநாள் போனது. புஜ்ஜுக்கு அருகில் இருக்கும் இந்த ஊரே 2001-க்குப் பிறகு உருவானது. அஜ்ரக் அச்சுக்காரர்களான கத்ரி குடும்பங்களின் பழைய ஊர் தமட்கா. 16-ஆம் நூற்றாண்டில் சிந்துவிலிருந்து கட்ச் மன்னர் அழைத்து வந்தபோது, சரண் ஆறு ஓடுகிறது என்பதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்களாம். ஆறு பிற்பாடு வற்றியது, கிணறுகளுக்கு மாறினார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் இரும்புச் சத்து ஏறிவிட்டது.

இரும்பு ஏறினால் என்ன என்று நான் கேட்டேன். அச்சுப் பட்டறையில் இருந்த பெரியவர் பதில் சொல்லாமல் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு டிரம்மில் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளும் வெல்லமும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. நுரை கட்டி, புளித்த வாடை. வடிகட்டி, புளியங்கொட்டைப் பொடி போட்டுக் காய்ச்சினால் அதுதான் கறுப்புக் கோட்டுக்கான சாயம். துணியை முன்பே கடுக்காய் நீரில் ஊற வைத்திருப்பார்கள். கடுக்காயில் இரும்பு பட்டதும் கறுக்கும், சூத்திரமே அவ்வளவுதான். "அந்த இரும்பு அலசுற தண்ணியிலயே வந்தா?" என்றார். மொத்தத் துணியும் மங்கிவிடும். அதனால்தான் நல்ல தண்ணீர் பார்த்து நிலம் வாங்கிப் பாதி ஊர் இடம்பெயர்ந்தது.

மற்றப் பொருட்களும் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவைதான்: படிகாரம், சுண்ணாம்பு, பிசின், அவுரி, மஞ்சிட்டி. அவுரித் தொட்டியில் முக்கி எடுக்கும்போது துணி பச்சையாக வரும், காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும். ஊறவைத்தல், அச்சு, காயவைத்தல், அலசல் என்று பதினாலு பதினாறு படிகள். சேலை விலையைக் கேட்டதும் கண்ணைக் கட்டத்தான் செய்தது. வேலையைப் பார்த்த பிறகு பேரம் பேச வாய் வரவில்லை. 2024-இல் கட்ச் அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம்மூர்க் கடைகளில் அதே டிசைனில் தொங்குவதில் நிறைய ஸ்கிரீன் பிரிண்ட், வாங்குபவர்கள் விசாரித்து வாங்குங்கள்.

எனக்குக் கட்ச்சிலேயே பிடித்த இடம் லக்பத். மேற்கு மூலை, புஜ்ஜிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். 1801-இல் ஜமாதார் ஃபதே முகமது எழுப்பிய கோட்டை மதில் 7 கிலோமீட்டர் சுற்றளவுக்கு இன்னும் நிற்கிறது. உள்ளே சில நூறு பேர் இருந்தால் அதிகம். ஒரு காலத்தில் சிந்து நதியின் கிளை இந்த மதிலை ஒட்டி ஓடியது, கரையில் நெல் விளைந்தது, துறைமுகத்தில் காசு கொட்டியது. நதியை சிந்து ஆட்சியாளர்கள் ஏற்கெனவே மேலே அணை போட்டு மறித்திருந்தார்கள். மிச்சத்தை 1819 ஜூன் 16 நிலநடுக்கம் முடித்து வைத்தது. வடக்கே நிலம் ஒரு நீண்ட மேடாக உயர்ந்து கிளையை மறித்தது. மனிதர் கட்டாத அணை என்பதால் மக்கள் 'அல்லா பந்த்' என்றார்கள். அருகிலிருந்த சிந்த்ரி கோட்டை தாழ்ந்து தண்ணீருக்குள் போனது. மூழ்கிய அந்தக் கோட்டையின் படத்தை நிலவியலாளர் சார்லஸ் லயல் தன் புத்தகத்தில் சேர்த்ததால் உலகம் பூராவும் நிலவியல் படிப்பவர்களுக்கு இந்த மூலை தெரியும்.

மதில் மேல் ஏறி நின்றால் வடக்கே சேறும் வெயிலும்தான். எனக்குக் கொற்கை நினைவுக்கு வந்தது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம், இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் கிடக்கிறது. தாமிரபரணி வண்டல் போட்டுப் போட்டுக் கடலைத் தள்ளிவிட்டதற்கு நூற்றாண்டுகள் ஆயின. லக்பத்துக்கு மிச்சமிருந்த நதியும் ஒரே நாளில் கைவிரித்துவிட்டது.

உள்ளே கௌஸ் முகமது தர்காவின் கல் வேலைப்பாடு பார்க்க வேண்டியது. குரு நானக் தங்கிப் போனதாகச் சொல்லும் குருத்வாரா 2004-இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் பாதுகாப்பு விருது வாங்கியது. அங்கே லங்கரில், அதாவது குருத்வாராவின் பொதுச் சமையலில், சாப்பாடு கிடைக்கும். லக்பத்தில் வேறு எதையும் நம்பாதீர்கள்.

தோலாவீராவுக்கு இப்போது ரண்ணைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சாலை. இணையத்தில் 'ரோடு டு ஹெவன்' என்று பெயர் வாங்கி, நடுரோட்டில் படுத்துப் படமெடுக்கும் கூட்டத்தைச் சம்பாதித்திருக்கிறது. அந்தச் சாலை முடியும் இடத்தில் காதிர் என்ற தீவு, அதில் நாலாயிரம் ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய சிந்துவெளி நகரம். தொல்லியலாளர் ஜெகத்பதி ஜோஷி கண்டறிந்து, இன்னொரு தொல்லியலாளர் ஆர்.எஸ். பிஷ்ட் 1990 வாக்கில் விரிவாகத் தோண்டியது. உலகப் பாரம்பரியச் சின்னமானது 2021-இல்.

மற்ற சிந்துவெளி நகரங்கள் செங்கல், இது கல். வற்றாத ஆறு எதுவும் கிடையாது. வடக்கே மன்சர், தெற்கே மன்ஹர் என்று மழைக்கு மட்டும் ஓடும் இரண்டு ஓடைகள். அவற்றைத் தடுப்பணை போட்டுத் திருப்பி, நகரைச் சுற்றித் தொட்டி தொட்டியாகத் தேக்கியிருக்கிறார்கள். கிழக்குத் தொட்டி மட்டும் சுமார் 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம். மூலையில் படிக்கட்டு. தண்ணீர் குறையக் குறையக் கீழே இறங்கி மொண்டிருப்பார்கள். வடக்கு வாசலில்தான் பத்துக் குறிகள் கொண்ட பெரிய பெயர்ப்பலகை கிடைத்தது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977-இல் சிந்துவெளிக் குறிகளுக்குத் தொடரடைவு (எந்தக் குறி எங்கே வருகிறது என்ற பட்டியல்) வெளியிட்டார், தமிழ்நாடு அரசு 2025-இல் வாசித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் அறிவித்திருக்கிறது. பலகை இன்னும் வாயைத் திறக்கவில்லை. நான் அங்கே நின்றபோது, "இது ஊர்ப் பேரா இல்ல கடைப் பேரா?" என்று பக்கத்தில் ஒரு பையன் தன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். கேள்வி சரியான கேள்வி.

மாண்ட்வி கடற்கரை சுமார்தான். ஆனால் ருக்மாவதி ஆற்றின் கரையில் மரக்கப்பல் கட்டும் இடத்தைத் தவறவிடாதீர்கள். நானூறு வருஷமாக நடக்கும் தொழில், தூத்துக்குடித் தோணிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கே அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஊரில் பிறந்த பதார்த்தம் தாபேலி, அதையும் அங்கேயே சாப்பிட்டுவிடலாம். பக்கத்தில் விடுதலைப் போராளி ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா நினைவிடம், லண்டனில் இந்திய விடுதலைப் போராளிகள் தங்கிய இந்தியா ஹவுஸ் கட்டடத்தை அப்படியே திருப்பிக் கட்டி வைத்திருக்கிறார்கள். நம்ம வ.வே.சு. ஐயர் இருந்த வீடு அது. மாண்ட்வியில் பிறந்த ஷியாம்ஜி 1930-இல் ஜெனீவாவில் இறந்தார், அஸ்தி ஊர் வந்து சேர்ந்தது 2003-இல்.

போவதாக இருந்தால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். தோலாவீராவுக்கும் லக்பத்துக்கும் பஸ்ஸை நம்ப முடியாது, புஜ்ஜில் கார் பேசிக்கொள்வதுதான் வழி. தோர்டோவில் நடக்கும் ரண் திருவிழாக் காலத்தில் ஒரு கூடாரத்துக்கு எனக்குச் சொன்ன வாடகையில் புஜ்ஜில் நல்ல அறை எடுத்து, காரும் பேசி, தோலாவீராவில் ஒரு ராத்திரி தங்கியும் மிச்சம் இருந்தது. ரண்ணைப் பார்க்க ஒரு அந்திப்பொழுது போதும், மீதி நேரத்தை லக்பத்துக்குக் கொடுங்கள்.