கழுவெளிக்கு எல்லைக்கல் நட்டால் போதுமா?

2015 டிசம்பரில் சென்னை வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு வெள்ளம் நின்றது. அது வடிந்தபின் சுவரில் படிந்த பழுப்புக் கோட்டின் மீது இரண்டு முறை வண்ணம் பூசியும், ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஓதம் ஏறும்போது அது மெல்லத் தலைகாட்டுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பறவை பார்க்கப் போகும் இடமாக மட்டுமே கருதி வந்த நான், அந்தக் கோட்டைக் கண்ட பிறகுதான் அதை என் வீட்டின் வடிகாலாகவும் பார்க்கத் தொடங்கினேன்.

பழைய ஆட்கள் கழுவெளி என்று சொல்லும் அந்நிலம் ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது. பெருங்குடி குப்பைக் கிடங்கும், சாலைகளும், ரயில் நிலையமும், மென்பொருள் வளாகங்களும், எங்களைப் போன்றோரின் வீடுகளும் தின்றதுபோக மிஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பெரும் போராட்டத்துக்குப் பின் கிடைத்தவை இவை. குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆயினும் வெள்ளத்தைத் தாங்கும் பணியை அந்த எல்லைக்குள் இருக்கும் நிலம் மட்டும் செய்துவிட முடியாது. தென்சென்னையின் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரிக்கு ஏரி கலங்கல் என்னும் உபரிநீர் வாய் வழியாக வழிந்து (கீழ்க்கட்டளை நிரம்பினால் நாராயணபுரம், அது நிரம்பினால் கழுவெளி என்ற கணக்கில்) இங்கே சேர்கிறது. பின்னர் ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டுக்கு அருகே கடலுக்குப் போகிறது. வழியில் ஒரு கால்வாய் குறுகினாலும் பாதிப்பு வேளச்சேரியின் தரைத்தளத்தில் தெரியும். ஆகவே, யாருக்கு எந்தப் பயன் எந்த மாதத்தில் தேவை என்ற கேள்வியிலிருந்துதான் மீட்புத் திட்டம் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. எனக்குத் தேவை ஐப்பசி தொடக்கத்தில் கழுவெளியில் காலியிடம். ஆண்டு முழுவதும் கழிவுநீர் வந்து விழுவதால் அந்த இடத்தின் ஒரு பகுதி மழைக்கு முன்பே நிரம்பிவிடுகிறது.

அதற்காக எல்லா இடத்தையும் ஆழமாகத் தூர்வாரச் சொல்வதும் சரியாகாது. கணுக்கால் அளவு நீரில் நடந்து இரைதேடும் பூநாரைக்கும் உள்ளானுக்கும் ஆழக்குழி பயன்படாது. சம்புப் புல்லை முழுவதும் பிடுங்கினால், கழிவுநீரிலிருந்து சத்துகளை உறிஞ்சும் செடியும் நாமக்கோழி கூடு கட்டும் மறைவும் சேர்ந்தே போகும். எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவந்த பெரியவர் இங்கே புல் அறுத்துத்தான் மாடு வளர்த்தார். அவரைப் போன்றோரின் தேவை எந்த அட்டவணையில் ஏறும் என்பதையும் திட்டமிடுவோர் முன்கூட்டியே பேசியாக வேண்டும். பெருங்குடியில் பழைய குப்பையை அகழ்ந்து பிரித்து அகற்றும் பணி நல்ல வாய்ப்பு. ஆனால் அங்கே மீளும் நிலத்தை மேடாகவே விட்டுப் பூங்கா அமைத்தால் நடைப்பயிற்சிக்கு உதவும், நீர் தேங்க உதவாது.

சென்ற ஐப்பசியில் ஒக்கியம் மடுவுப் பாலத்தில் சிறிது நேரம் நின்றேன். கைப்பிடிச் சுவர்வரை ஆகாயத்தாமரை அடர்ந்திருந்தது. அடியில் தண்ணீர் ஓடுகிறதா என்று அறிய ஒரு காய்ந்த குச்சியைப் போட்டேன்; அது இலைகளின் மேலேயே கிடந்தது.