படிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன்: டூல்பாக்ஸ் டாக் அனுபவம்

இரும்பை வெட்டி வெல்டு செய்யும் எங்கள் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில், ஷிஃப்ட் தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சான டூல்பாக்ஸ் டாக் என் பொறுப்புக்கு வந்தபோது, அதில் பெரிய கஷ்டம் இருக்காது என்றுதான் நினைத்தேன். தலைப்புகள் அச்சடித்து ஒரு ஃபைலில் இருந்தன. தினமும் ஒரு தாளைப் படிக்க வேண்டும், 24 பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நான்கு மாதம் அப்படியே செய்தேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. கையெழுத்துத் தாள்களை மட்டும் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஒருநாள் கிளவுஸ் பற்றிய தாள் வந்தது. வேலை நேரம் முழுக்க எல்லோரும் கிளவுஸ் போட்டிருக்க வேண்டும் என்று படித்துவிட்டேன். எல்லோரும் கலைந்த பிறகு டிரில்லிங் மெஷினில் வேலை செய்யும் அண்ணன் மட்டும் நின்றார். "தம்பி, டிரில் பக்கத்துல கிளவுஸ் போட்டா ஒரு நூல் சிக்கினாப் போதும், கையையே சுத்தி இழுத்துரும். அதை மட்டும் சொல்லாதீங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. சுழலும் பிட்டுக்குப் பக்கத்தில் கிளவுஸே ஆபத்து. எல்லோர் முன்னாலும் என்னை மறுத்துப் பேச வேண்டாம் என்றுதான் அவர் தனியாக வந்து சொன்னார். நன்றி சொல்லிவிட்டுத் தாளில் திருத்தி எழுதினேன். அந்த 10 நிமிடப் பேச்சில் அவர் வாய் திறக்க நான் இடமே விடவில்லை என்பது அன்று உறைக்கவில்லை.

கட்டிங் வீல் உடைந்த அன்றுதான் உறைத்தது.

காலையில் ஹெல்மெட் பற்றிப் படித்திருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஃபிட்டர் ஒருவர் 4 இன்ச் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார். வீலில் கால்வாசி இல்லை. உடைந்த துண்டு அவர் தோளுக்குப் பின்னால் இருந்த பிளைவுட் தடுப்பில் செருகி நின்றது. "ஒண்ணும் ஆகல சார், ஒண்ணும் ஆகல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஓரத்தை வைத்து வெட்டுவதற்கு மட்டுமே செய்த மெல்லிய வீல் அது. வெல்டிங் பிசிறை எடுக்க அதையே பக்கவாட்டில் வைத்து அழுத்தித் தேய்த்திருக்கிறார். போதாததற்கு, வீலை மூடி நிற்கும் பாதுகாப்பு உறையான கார்டும் மெஷினில் இல்லை.

கார்டு எங்கே என்று கேட்டேன். "அந்த மெஷின்ல போல்ட் மரை தேஞ்சு போச்சு சார், கார்டு நிக்காது. ரெண்டு மாசமா அப்படித்தான் ஓடுது" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். ஸ்டோர்ஸிலும் தெரியும் என்றார்கள்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்த இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட ஐம்பது காலைகள் அவர்கள் எதிரே நின்று பாதுகாப்பு பற்றிப் படித்திருக்கிறேன். கார்டு இல்லாத மெஷினைப் பற்றித் தெரிந்தவர்கள் என் எதிரிலேயே நின்றிருக்கிறார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் ஃபைலை எடுக்கவில்லை. உடைந்த வீலைக் கொண்டுபோய் எல்லோர் கைக்கும் சுற்றவிட்டேன். 100 மில்லிமீட்டர் வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் அச்சடித்திருப்பதைக் காட்டினேன். அது அந்த வீலின் காலாவதித் தேதி. ரெசின் பசையால் பிணைத்துச் செய்த இந்த மாதிரி வீல்களுக்குப் பொதுவாகத் தயாரித்ததிலிருந்து மூன்று வருடம்தான். பல வருடம் கிரைண்டர் பிடித்தவர்களில்கூடச் சிலருக்கு அது புதுச் செய்தி. "அவங்கவங்க பெட்டியில இருக்கிற வீலைக் கொஞ்சம் பார்த்துட்டு வாங்க, யாரையும் எதுவும் கேட்க மாட்டேன்" என்றேன். ஐந்து நிமிடத்தில் தரையில் ஒரு சின்னக் குவியல் சேர்ந்துவிட்டது. தேதி முடிந்தவை, ஈரத்தில் கிடந்தவை, ஓரம் சில்லு போனவை. 7 இன்ச் மெஷினில் தேய்ந்து சிறுத்த பழைய வீல்கூட ஒன்று இருந்தது. அதில் போட்டிருந்த உச்ச வேகம் 8,500. அதைக் கொண்டுபோய் 11,000 ஓடும் மெஷினில் மாட்டக் கூடாது என்று நான் சொல்லும் முன்பே ஒரு ஹெல்ப்பர் சொல்லிவிட்டார். புது வீல் மாட்டினால் அதன் நேருக்கு நிற்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும் என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். அன்று நான் பேசியது பாதிகூட இருக்காது.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். ஷிஃப்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் வந்து ஷாப்பை ஒரு சுற்று சுற்றுவேன். அன்று என்ன வேலை, எங்கே லோடு தூக்கப் போகிறார்கள், எந்தப் பக்கம் தரை ஈரம் என்று பார்த்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வேன். இரண்டு விஷயம் சேர்த்தால் இரண்டும் நிற்பதில்லை. ஆபீஸ் வாசலில் நின்று பேசுவதை விட்டுவிட்டு அந்த வேலை நடக்கும் இடத்துக்கே போய் நின்றோம். கம்ப்ரசர் ஓட ஆரம்பிப்பதற்குள் முடித்துவிடுவோம். வெயில் என் முகத்தில் அடிக்கிற மாதிரி நான் நின்றுகொள்வேன். அவர்கள் கண் கூசினால் யாருக்கும் எதுவும் ஏறாது.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது கேள்வி கேட்கும் விதம். "கவனமா இருப்பீங்களா?" என்றால் "இருப்போம் சார்" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. இப்போது வேலையை வைத்தே கேட்கிறேன். "இந்தப் பைப்பைத் தூக்கும்போது ஸ்லிங் நழுவினா எந்தப் பக்கம் போவீங்க? அங்க வழியில என்ன கிடக்குது?" முதல் நாள் கேட்டபோது யாரும் பேசவில்லை. அந்த அமைதியைத் தாங்குவது சுலபமில்லை. நாமே பதிலைச் சொல்லிவிடத் தோன்றும். மனதுக்குள் பத்து எண்ணிக்கொண்டு நின்றேன். ஏழோ எட்டோ வரும்போது பின்வரிசையிலிருந்து, "சார், அந்தப் பக்கம் போனா கேஸ் சிலிண்டர் டிராலி நிக்குது" என்று ஒரு குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நின்றுகொண்டுதான் இருந்தது. அப்போதே தள்ளிவைத்தோம்.

மொழி சரியாகப் புரியாதவர்களும் எங்களில் இருந்தார்கள். அவர்களுக்குச் செய்து காட்டுவதுதான் வழி. ரிப்பேர் நேரத்தில் யாரும் மெஷினை ஓட்டிவிடாதபடி பூட்டிவைக்கும் லாக்-அவுட் பற்றிப் பேசிய அன்று, மெஷினுக்குக் கரண்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சை அணைத்து, ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்து, அப்புறம் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். பூட்டுப் போடுவது எல்லோருக்கும் தெரியும். பட்டனை அழுத்தி, மெஷின் ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ளும் பழக்கம்தான் பலருக்கு இல்லை. கரண்ட் போன பிறகும் ஏர் லைனிலும் ஹைட்ராலிக்கிலும் பிரஷர் நிற்கும் என்பதைத் தன் மொழியிலும் கையாலுமாக ஒரு தம்பி விளக்கினார். எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

1931-இல் ஹைன்ரிச் என்பவர் முன்வைத்த 1-29-300 கணக்கையும் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெரிய விபத்துக்கு 29 சிறு காயங்கள், காயமே இல்லாத 300 சம்பவங்கள் என்பது அந்தக் கணக்கு. அந்த எண்களை ஏற்காதவர்கள் பலர் உண்டு. எங்கள் ஆட்களிடமும் அது எடுபடவில்லை, விட்டுவிட்டேன். "போன வாரம் உங்களுக்கு எது நூலிழையில தப்பிச்சது?" என்று கேட்டால் போதும், ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது. ஆனால் அப்படிச் சொன்னவரை ஒரு தடவை திட்டிவிட்டால், அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

இதையெல்லாம் தாங்கி நிற்பது ஒரு நோட்டுதான். யார் என்ன சொன்னார், யார் சரிசெய்ய வேண்டும், எப்போதுக்குள் என்று எழுதுவேன். மறுநாள் பேச்சு அந்த நோட்டிலிருந்துதான் தொடங்கும். கார்டு நிற்காத கிரைண்டரை அன்றே ஓரம் கட்டினோம். மரை போட்டுச் சரியாகி வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று காலையும் "இன்னும் வரல" என்று சொன்னேன். வந்த அன்று எடுத்துக் காட்டினேன். முடியாத விஷயங்களும் உண்டு. அதை ஏன் செய்ய முடியவில்லை, அதுவரைக்கும் என்ன ஏற்பாடு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். சொன்னதற்கு ஒரு பதில் வரும் என்று நம்பிய பிறகுதான் அவர்கள் தாராளமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

நோட்டைப் புரட்டும்போது இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் பேச்செல்லாம் "கண்ணாடி போடு, பெல்ட் மாட்டு" என்றே முடிந்திருந்தது. ஆபத்தையே எடுத்துவிட முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும், போட்டுக்கொள்கிற சாதனம் கடைசி வரிசைதான். அப்படிக் கேட்டபோதுதான் ஒரு வெல்டர், "ஏன் சார் மேலே ஏறி வெல்டு பண்றோம்? கீழேயே ஜாயின்ட் அடிச்சுட்டுத் தூக்கலாமே" என்றார். இன்ஜினியர் டிராயிங்கைப் பார்த்துவிட்டு, பாதி ஜாயின்ட்டுகளைக் கீழேயே போடலாம் என்றார்.

புரொடக்‌ஷன் பக்கம் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 24 பேருக்குப் பத்து நிமிடம் என்றால் தினமும் நான்கு மணி நேர வேலை போகிறது என்று மேனேஜர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். வீல் உடைந்த அன்று மதியத்துக்கு மேல் ஷாப்பே நின்றதை நினைவுபடுத்தினேன். அப்புறம் ஒருநாள் வந்து நின்று கேளுங்கள் என்றேன். வந்தார். இப்போது வாரம் ஒருமுறை வருகிறார், நோட்டில் தன் பெயருக்கு நேரே இருப்பதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறார்.

இன்னும் சரிவராதது இரவு ஷிஃப்ட். பகல் ஆட்கள் பாதியில் விட்டுப் போன வேலை இரவு ஆட்களுக்குத் தெரிவதில்லை. எந்த வால்வு திறந்திருக்கிறது, தரையில் எந்தக் கிரேட்டிங் கம்பித் தட்டைக் கழற்றி வைத்திருக்கிறது என்பதைப் போகிறவர் வாயால் வருகிறவர் கேட்க வேண்டும். அதற்காக இரண்டு ஷிஃப்டையும் ஐந்து நிமிடம் ஒன்றாக நிறுத்திப் பார்க்கிறேன். வீட்டுக்குப் போகும் வண்டி கிளம்பிவிடும் என்ற அவசரத்தில் பாதிப் பேர் நிற்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வண்டி நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். நோட்டில் அது மேனேஜர் பெயருக்கு நேரே இருக்கிறது, இந்த வியாழக்கிழமை கெடு.