ரிப்போர்ட் நார்மல், கால்தான் உடைந்துவிட்டது

போன தை மாதம் அம்மா வாசலில் கடைசிப் படியைக் கவனிக்காமல் காலை வைத்துவிட்டார். விழுந்தது ஒரு அடி உயரம்கூட இருக்காது. இடது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்து, பிளேட் வைக்கிற அளவுக்குப் போய்விட்டது. வயது 66, எடை 84 கிலோ, சுகர் வந்து 17 வருடம். இத்தனைக்கும் எட்டு மாதம் முன்னால்தான் எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுத்திருந்தோம், இடுப்பெலும்பில் டி-ஸ்கோர் (இளவயதுக்காரர் எலும்போடு ஒப்பிட்டுப் போடுகிற மார்க்) மைனஸ் 0.6. மைனஸ் 1 வரை நார்மல், மைனஸ் 2.5க்கு இறங்கினால்தான் எலும்புப்புரை என்பார்கள். "அம்மாவுக்கு எலும்பு நல்ல கெட்டி" என்று ஸ்கேன் எடுத்தவர் சொல்லி அனுப்பினார். அவர் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு, ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

குண்டாக இருப்பவர்களுக்கு எலும்பு கெட்டி என்று வீட்டில் சொல்வதும் முழுத் தப்பு இல்லை. தினமும் எடையைச் சுமக்கிற எலும்பு அதற்கேற்ப கனம் போடும். அம்மா மாதிரி டைப் 2 சுகர்காரர்களுக்கும் ஸ்கேனில் அடர்த்தி மற்றவர்கள் அளவுக்கோ கொஞ்சம் கூடவோதான் வரும், ஆனால் முறிவது என்னவோ அவர்களுக்குத்தான் அதிகம். (டைப் 1 வேறு கதை, அதில் அடர்த்தியே குறைந்துவிடும்.) பருமனான பெண்களுக்குக் கணுக்கால் உடைவதும் அதிகம். இடுப்பைச் சுற்றிச் சதை மெத்தை மாதிரி இருக்கிறது, கணுக்காலுக்கு அந்த வசதி இல்லை.

முருங்கை மரத்தில் ஏறி விழுந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கிளை தொடைத் தண்டி இருக்கும், காலை வைத்தால் மடக்கென்று போகும். புளிய விளார் விரல் தண்டிதான், எப்படி வளைத்தாலும் உடையாது. ஸ்கேன் அளப்பது எலும்பில் எவ்வளவு தாது படிந்திருக்கிறது என்பதை மட்டும். அந்தத் தாதுவைப் பிடித்து நிற்கிற கொலாஜன் என்ற புரத நார் எந்த நிலைமையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ரத்தத்தில் சர்க்கரை கூடிக் கிடந்தால் அது இந்த நாரில் ஒட்டிக்கொண்டு, நாருக்கும் நாருக்கும் இடையே வேண்டாத முடிச்சுகளைப் போட்டுவிடுகிறது. அப்புறம் எலும்பு வளைந்துகொடுக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சராசரி சர்க்கரையைப் பார்க்கிறோமே எச்பிஏ1சி, அதுவும் இதே மாதிரி ஒட்டுதல்தான், ரத்தச் சிவப்பணுவில் இருக்கிற ஹீமோகுளோபினில் நடப்பது. ஆனால் சிவப்பணு சுமார் 120 நாளில் போய்ப் புதுசு வந்துவிடும், எலும்பின் நார் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். போதாததற்கு, பழைய எலும்பை அரித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிற வேலையே சுகர்காரர்களுக்கு மந்தமாகத்தான் நடக்கிறது. "இந்த மூணு மாசமா கன்ட்ரோல்தானே" என்று அம்மா கேட்கிறார். சரிதான், முந்தின 16 வருடம்?

விட்டமின் டி விஷயம் எனக்கே ஆச்சரியம். காலையில் மொட்டை மாடியில் வடாம் காயவைக்கிறவருக்கு எப்படிக் குறையும்? அது கொழுப்பில் கரைகிற சத்து, உடம்பில் கொழுப்பு அதிகமென்றால் அங்கேயே போய்த் தங்கிவிடும், ரத்தத்தில் அளவு குறைவாகவே காட்டும். அதனால் பருமனானவர்களுக்கு டாக்டர்கள் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கூடக் கொடுப்பதுண்டு.

அடுத்தது மாத்திரை. அம்மாவின் கூட்டு மாத்திரையில் பயோகிளிட்டசோன் இருந்தது. சர்க்கரையை நன்றாகவே குறைக்கும், ஆனால் மஜ்ஜையில் எலும்பு செல்லாக வளரவேண்டியதைக் கொழுப்பு செல் பக்கம் திருப்பிவிடும், குறிப்பாகப் பெண்களுக்கு முறிவு கூடுகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்றினோம்.

இன்னொரு கூத்து. எலும்பு முறியும் வாய்ப்பைக் கணக்குப் போட 2008ல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஃப்ராக்ஸ் என்று ஒன்றை உருவாக்கினார்கள். வயது, எடை, சிகரெட், மது எல்லாம் கேட்கிற அந்தப் படிவத்தில் டைப் 2 சுகருக்குக் கட்டமே வைக்கவில்லை. அதனால் சில டாக்டர்கள், முறிவு வாய்ப்பைக் கூட்டிக் காட்டுகிற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (முடக்குவாதம்) கட்டத்தில் டிக் அடித்து ஈடுகட்டுகிறார்கள், நோயாளிக்கு அந்த வியாதி இல்லாவிட்டாலும்!

விழுவதற்கான காரணங்களும் சுகரிலேயே இருக்கின்றன. மரத்துப்போன பாதம், மங்கலான கண், ராத்திரி நாலு தடவை பாத்ரூம், விடியற்காலை லோ சுகர். பாத்ரூம் வழியில் விளக்குப் போட்டுவிட்டோம், கால்மிதியை எடுத்துவிட்டோம்.

எடையைக் குறைக்க அம்மா ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்தப் பார்த்தார். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் தசையோடு எலும்பும் சேர்ந்து இளைக்கும் என்று பிசியோதெரபிஸ்ட் திட்டிவிட்டார். இப்போது தினமும் முட்டை, சுண்டல், அப்புறம் சீரியல் விளம்பர இடைவேளையில் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். எண்ணுவது என் வேலை. எட்டிலேயே "பத்து" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்.