ஒட்டகத்தின் மலைநாட்டு உறவுக்காரர்கள்

கணவருக்குச் செம்புச் சுரங்கத்தில் வேலை கிடைத்து, பெருவின் அரெக்கிப்பாவுக்கு வந்து சேர்ந்தோம். ஊர் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சு பழகிவிட்டது, ஸ்பானிஷ்தான் இன்னும் தடுக்குகிறது. ஆனால் ஒட்டக இனத்து மலை விலங்குகளில் லாமா எது, அல்பாக்கா எது என்று மட்டும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். கீழ்வீட்டு செஞ்யோரா (அம்மணி) அது தெரியாமல் என்னை விடுவதாயில்லை.

“முதலில் காதைப் பார்” என்பார். லாமாவுக்கு உள்பக்கம் வளைந்த நீளக் காது. அல்பாக்காவுக்குச் சின்ன நேர்க்காது, மொழுமொழு முகம், ஆளும் குள்ளம். லாமா சுமைக்கு, அல்பாக்கா கம்பளிக்கு. லாமா 25, 30 கிலோ சுமக்கும். அதற்கு மேல் ஏற்றினால் உட்கார்ந்துவிடும், வற்புறுத்தினால் துப்பும். எனக்கு ரொம்பப் பிடித்த குணம்!

சான் கமிலோ சந்தையில் அல்பாக்கா இறைச்சி கிடைக்கிறது. சார்க்கி என்று உப்பிட்டு உலர்த்தியும் விற்கிறார்கள், நம்மூர் உப்புக்கண்டமேதான். கொழுப்பு குறைவான கறி. மிளகைத் தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தால் ஆட்டுக்கறியைத் தேடத் தோன்றாது.

காட்டினங்கள் வேறு. சீவாய் என்ற ஊருக்குப் போகும் சாலை சலினாஸ் இ அகுவாதா பிளாங்கா காப்பகத்தின் வழியே 4,000 மீட்டருக்கு மேல் ஏறும். தலை கிண்ணென்று வலிக்கும். கோக்கா இலைத் தேநீர் குடித்தால் கொஞ்சம் கேட்கும். அங்கேதான் விகுன்யாக்கள், ஒரு கிடாவும் அதன் பெட்டைகளும் குட்டிகளுமாக மேய்ந்துகொண்டிருக்கும். மெலிந்த உடம்பு, இலவங்கப்பட்டை நிறம். அல்பாக்காவின் முன்னோர் இவைதான். லாமா, இன்னொரு காட்டினமான குவானாகோவிலிருந்து வந்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆண்டிஸ் மக்கள் பழக்கிவிட்டார்கள்.

விகுன்யா ரோமத்தின் தடிமன் 12, 13 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்த மென்மையே அதற்கு எமனாயிற்று. சுட்டுச் சுட்டே தீர்த்தார்கள்; 1960களில் பெருவில் சில ஆயிரம்தான் மிச்சம். 1967-இல் அயகூச்சோ பக்கம் பம்பா கலேராஸ் காப்பகம் வந்தது. இன்று இரண்டு லட்சத்துக்கு மேல். காவலைவிட, ரோமத்தின் வருமானம் ஊராருக்கே என்று ஆனதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். ‘சாக்கு’ (chaccu) என்ற இன்கா காலத்து முறைப்படி, கயிறு பிடித்து மனிதச் சங்கிலியாக மந்தையை வளைத்து, ரோமத்தைக் கத்தரித்துவிட்டு உயிரோடு விடுகிறார்கள். ஒன்றிடம் கிடைப்பது சுமார் 200 கிராம். அதில் நெய்த சால்வையின் விலையைக் கேட்டுவிட்டு நான் பேசாமல் நகர்ந்துவிட்டேன். சுற்றுலாக் கடைகளில் அல்பாக்கா என்று மலிவாகத் தருவதில் பாதி அக்ரிலிக், ஊருக்கு வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்.

குவானாகோ மட்டும் இன்னும் கண்ணில் படவில்லை. பெருவில் அவை குறைவு, பெரும்பாலானவை அர்ஜென்டினாவின் படகோனியாவில். அடுத்த விடுமுறைக்கு அங்கே போகலாம் என்றால், இவர் சென்னைக்கு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.